யார் பதில் பெரிசு?

“கிலியான் சாமி புத்தகம் மறுபடியும் தீர்ந்துபோச்சு. உங்களுது அப்படியே கிடக்கு சாமி. எடுத்துட்டுப் போயிடுறீங்களா? இடத்தை அடைக்குது” என்றாள் புத்தகக் கடை நடத்தும் ஒட்டிலி.

லியோன்ஹார்ட் சாமியாருக்கு வயிறு பற்றி எரிந்தது.

போப்பாண்டவர் செய்வதெல்லாம் தப்பு என்று விட்டன்பர்க் நகரத்துத் துறவி ஒருவர் எழுதிவைக்க, அதற்குப் பதிலடி எழுதச் சொல்லி அந்த ரைன் நதிக்கரை நகரத்தின் ஆயர் கட்டளையிட்டிருந்தார். யாருடைய பதிலை ஜனங்கள் விரும்பி வாங்குகிறார்களோ, அவருக்குத்தான் பேராலயத்தின் பிரசங்க மேடை. கிலியானும் லியோன்ஹார்டும் ஒன்றாகப் படித்தவர்கள். அப்போதிருந்தே லியோன்ஹார்டுக்குக் கிலியானைக் கண்டால் ஆகாது.

“அவனுக்கு லத்தீன்ல நாலு வார்த்தை ஒழுங்கா எழுத வராதும்மா! கூட இருந்து பார்த்தவன் நான்.”

“அவர் ஜெர்மன்லதானே எழுதியிருக்கார்?”

“நானும் ஜெர்மன்லதான் எழுதினேன்! அவன் புத்தகத்துல மட்டும் அப்படி என்னதான் இருக்கு?”

கணவர் இறந்தபின் அச்சுக்கூடத்தையும் கடையையும் தனியாக நடத்துபவள் ஒட்டிலி. ஆள் பார்த்துப் பேசத் தெரிந்தவள்.

“நீங்க எடுத்த எடுப்புலயே திட்ட ஆரம்பிச்சிடுறீங்க. அவர் அந்த விட்டன்பர்க்காரர் சொன்னதை மேல கொஞ்சம் போட்டு, கீழ தன்னோட பதிலைப் போடுறார். ஜனங்களுக்கு அது பிடிச்சிருக்கு.”

“அந்த அசிங்கத்தையெல்லாம் என் கையால எழுதணுமா?”

“மேடை வேணும்னா எழுதுங்க சாமி.”

எழுதினார். கிலியான் மேல் இருந்த ஆத்திரத்தில் ஊண் உறக்கம் மறந்து எழுதினார். கிலியான் கொஞ்சம் போட்ட இடத்தில் இவர் விட்டன்பர்க்காரர் எழுதியதை ஒரு வரி விடாமல் முழுவதும் போட்டார். ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதிப் பிளந்து கட்டினார்.

புத்தகம் வந்த அன்று கடை வாசலில் தள்ளுமுள்ளு. கிலியான் புத்தகத்தைச் சீண்ட ஆளில்லை. கூட்டத்தைப் பார்த்த கிலியானின் முகம் தொங்கிப்போனது. லியோன்ஹார்டுக்கு வயிறு குளிர்ந்தது.

தன் பெருமையைத் தன் காதாலேயே கேட்க வேண்டும் என்று மறுநாள் அவருக்கு ஆசை வந்துவிட்டது. அங்கியைக் கழற்றிவிட்டு, வியாபாரி மாதிரி உடுத்திக்கொண்டு மதுக்கடைக்குப் போனார். அங்கே ஒரு ரொட்டிக்காரர் பீரைக்கூடத் தொடாமல் இவர் புத்தகத்தில் மூழ்கியிருந்தார்.

“என்னண்ணே, கிலியான் சாமி புத்தகம் வாங்கலையா?”

“அட, அது அரைகுறைங்க! இந்த லியோன்ஹார்ட் சாமி இருக்காரே, மகராசன். ஒண்ணு விடாம போட்டிருக்கார்.”

லியோன்ஹார்டுக்குத் தலைகால் புரியவில்லை.

“அப்போ அவர் சொன்ன பதிலெல்லாம் மனசுல அப்படியே பதிஞ்சிருக்குமே?”

“பதிலா? அதை யாரு படிச்சா?” ரொட்டிக்காரர் குரலைத் தாழ்த்தினார். “விட்டன்பர்க்காரர் புத்தகத்தை வித்தா உள்ள தள்ளிடுவாங்க. இதுக்குத் தடையே இல்லையே! மேல இருக்கிறதை மட்டும் படிச்சுட்டு எங்க தெருவே விட்டன்பர்க்காரர் பக்கம் போயிடுச்சு. இனிமே பேராலய மேடையில யாரு ஏறினா என்ன, கேக்கவா போறோம்?”