பாதி உருகிய பூச்சு

பட்டென்று ஒரு சத்தம். இழுவை இயந்திரத்தில் மாட்டியிருந்த சோதனைத் துண்டு இரண்டாகப் பிரிந்து நின்றது.

“விட்டுடுச்சா?” என்றார் மாமனார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில்தான் அவர் மாமனார். பட்டறையில் ஃபோர்மேன், எப்போது பார்த்தாலும் கொதித்துக்கொண்டே இருப்பதால் ஆட்கள் வைத்த பெயர் கொதிகலன். பிளாஸ்மா துப்பாக்கியின் சுடரில் பீங்கான் பொடியை உருக்கி, கப்பல் பம்புத் தண்டுகள் மேல் பூசுவது அவள் வேலை.

இந்த முறை வந்தது நானோ பொடி. ஒவ்வொரு மணிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். முழுக்க உருக்கினால் அவ்வளவும் கரைந்து பழைய பொடி மாதிரியே ஆகிவிடும், பாதிதான் உருக வேண்டும் என்று அவளும் படித்துப் படித்துச் சொன்னாள். மனிதர் காதில் போட்டுக்கொண்டால்தானே. அரைவேக்காடு எங்கேயாவது ஒட்டுமா என்று ஒரு மாதமாகச் சாப்பிட உட்கார்ந்த இடத்திலும் கரித்துக் கொட்டினார்.

கடைசியில் சுடரைத் தணித்து அவள் நினைத்தபடியே பூசினாள். சோதனையில் தோற்றால் இனித் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று பேச்சு.

தண்டுகளை வாங்கப்போகிற கம்பெனி அனுப்பிய சோதனைக்காரர், பூச்சின் மேல் பசை தடவி, இன்னொரு இரும்புத் துண்டை ஒட்டி, இரண்டையும் எதிரெதிராக இழுத்தார். உளியால் கொத்திப் பார்த்தே பழகிய பட்டறை அது. இப்படியொரு சோதனையை இருவருமே முன்னே பின்னே பார்த்ததில்லை.

மாமனார் துண்டுகளைப் பாய்ந்து எடுத்தார். இரண்டு முகத்திலும் காய்ந்த பசை மஞ்சளாய்த் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது.

“நல்லா பாரும்மா. சொன்னப்ப கேட்டியா?”

அவள் பார்க்கவில்லை. ஒரு மாத ஆத்திரமும் தொண்டைக்கு வந்துவிட்டது. “நான் தோக்கணும்னு நின்னீங்களே மாமா, தண்டு நல்லா வரணும்னு ஒரு நாளாவது நினைச்சீங்களா?” கையுறையைக் கழற்றி மேசைமேல் விட்டெறிந்தாள்.

சோதனைக்காரர் இந்தச் சண்டையில் தலையிடவே இல்லை. துண்டுகளை வாங்கி லென்ஸில் பொறுமையாகப் பார்த்துவிட்டு, படிவத்தை எடுத்தார். இவ்வளவுதான் சூடு வைக்க வேண்டும் என்று முடிவு செய்தது யார், பெயர் எழுத வேண்டும் என்றார்.

மாமனார் முந்திக்கொண்டார். தனக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, தான் தடுத்தும் கேட்கவில்லை, எல்லாம் இவள் ஒருத்தியின் வேலை என்று அப்படியே எழுதச் சொன்னார். எழுதியதை வரி விடாமல் படித்தார். பிற்பாடு யாரும் மாற்றிப் பேசக் கூடாதென்று சாட்சிக் கையெழுத்தும் போட்டார்.

“ஆமா, நான்தான். என் பேரையே போடுங்க” என்று அவளும் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்திட்டாள். அழுத்திய அழுத்தில் தாள் கிழியாமல் இருந்ததே பெரிசு.

சோதனைக்காரர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“நாங்க கேட்ட இழுவையெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு. விட்டது என் பசைதாங்க, இந்தம்மா பூச்சு அப்படியே இருக்கு.”