கடைசி ரெண்டு கிலோ

“கடைசி ரெண்டு கிலோதான் கெடக்கு, முருகேஸ்வரி. நாளைக்கு லாரி வராதாம். பொறவு என்னைக் குறை சொல்லாத.”

அரைக்கிலோ உளுந்துக்கு வந்தவள் ரெண்டு கிலோவையும் வாங்கிக்கொண்டு ஓடினாள். இசக்கியப்பனின் முதுகுக்குப் பின்னால் பிரிக்காத உளுந்து மூடைகள் கூரையை முட்டிக்கொண்டிருந்தன.

அவர் மறுபடியும் செல்போனைத் திறந்தார். முகக்கவசம் தாடையில் தொங்கியது.

“கொரோனா ஊசி போட்ட கையில காந்தம் ஒட்டுதாம்லா. டாக்டரே பேசுதாரு பாரு.”

“வெள்ளைக் கோட்டு போட்டவன்லாம் டாக்டராப்பா?” மகள் ரம்யா எரிந்து விழுந்தாள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். படித்தது நுண்ணுயிரியல். அதற்கு ஒரு வாட்ஸ்அப் வீடியோவின் மதிப்புகூட அந்தக் கடையில் இல்லை.

“உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. எதிர்க்கடை அருமைநாயகம் மாமா ஆக்ஸிஜன்ல கெடக்காவ. பள்ளிக்கூடத்துல இன்னைக்கு மட்டுந்தான் கேம்ப்.”

“ஓசியில ஒருத்தன் கூப்பிட்டுக் கொடுத்தா, அது விக்காத சரக்குளா. போய் வேலையைப் பாரு.”

ரம்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அம்மா சீனித்தாய், கயத்தாறில் மளிகைக் கடை வைத்திருக்கும் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். மகளைக் கண்டதும், “அங்கன மழை உண்டாடே?” என்று பேச்சை மாற்றி, போனை வைத்துவிட்டாள்.

“அப்பாட்ட நீ ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாம்மா?”

“எனக்கு என்னளா தெரியும்? நீதான் படிச்சவ.”

கொஞ்ச நேரத்தில் கடையில் இசக்கியப்பனின் சத்தம் கேட்டது. வியாபாரிகள் குரூப்பில் வந்ததை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

‘அவசரம்! தடுப்பூசி இன்றோடு காலி. மிச்சத்தைத் துறைமுகத்தில் இரகசியமாகக் கப்பலேற்றுகிறார்கள். காந்தக் கதையைக் கிளப்பியதே, நம் பங்கையும் அமுக்கப் பார்க்கும் பணக்காரர்கள்தான். அதிகம் பகிரவும்!’

“அடப்பாவிகளா! நம்ம சரக்கையா அமுக்குதானுவ?” கல்லாவைப் பூட்டினார். பைக்கை உதைத்தார். முகக்கவசம் மூக்குக்கு ஏறியது.

ரம்யா தலையில் அடித்துக்கொண்டாள். “நான் ஒரு மாசமாத் தொண்டை கிழியச் சொன்னேன், கேக்கலை. இந்தப் புளுகுக்கு ஓடுதாவ! எந்தக் கிறுக்கன் எழுதுனான் இதை?”

“உன் கயத்தாறு மாமனைக் கிறுக்கன்னு சொல்லாதளா. நான் சொன்னதைத்தான் போட்டிருக்கான்.”

ரம்யா வாயைப் பிளந்தாள். சீனித்தாய் அடுப்பைத் தணித்தாள்.

“உங்கப்பா உளுந்து விக்கதைத் தெனமும் பாக்கேம்லா.”