ரெண்டு பொட்டலம் மருந்து

பழைய பிரெஞ்சுப் பீரங்கிச் சண்டையை நடித்துக்காட்டும் குழுவின் வரலாற்றை எழுத உட்கார்ந்த அமலநாதனுக்கு, ஆறாம் ஆண்டு வந்ததும் கை ஓடவில்லை. அந்த ஆண்டு விழாவில் பீரங்கி பிளந்ததற்கு, அதற்குத் தீ வைத்தவன் என்று பழி சுமந்து வெளியேறியவன் அருள்முருகன்.

மறுநாள் காலை குருசுக்குப்பம் போய், பத்து வருடமாகப் பார்க்கத் துணியாத அந்த நண்பன் முன் நின்றார்.

"முருகா, சத்தம் பெருசா வரட்டும்னு, ஒரு பொட்டலம் போட வேண்டிய பீரங்கியில நான்தான்டா ரெண்டு பொட்டலம் மருந்து போட்டேன். எல்லாரும் உன்னைத் திட்டினப்ப வாயை மூடிக்கிட்டு நின்னேன். மன்னிச்சிடுடா."

அருள்முருகன் சிரித்தபடி அவர் தோளைத் தட்டினான். அமலநாதனுக்குக் கண் கலங்கியது.

உள்ளேயிருந்து வந்த அவன் மனைவி பாக்கியலட்சுமி, ஒரு நோட்டையும் பேனாவையும் நீட்டினாள்.

"அன்னிக்கு வெடிச்சதுல இவருக்கு ரெண்டு காதும் போயிடுச்சுண்ணே. சொல்ல வேண்டியத எழுதிக் காட்டுங்க."

அமலநாதன் வெகுநேரம் யோசித்து எழுதினார்: 'சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்.'