படகில்லாத தீவு

மலைமேல் ஒண்டிக்கடை என்னும் முக்கில் கடை வைத்து மிளகும் கிராம்பும் விற்கும் சாதிக், கடைக்கு மேலிருந்த அறையில் தனியாக இருந்தார். மகள் சப்ரீன் தாயோடு சேலத்தில் இருந்தாள். போன லீவில் அவள் பாதியில் விட்டுப்போன கடற்கொள்ளையர் தீவை, அவள் போனில் சொல்லச் சொல்ல, பிளாஸ்டிக் கட்டைகளால் கட்டிக்கொண்டிருந்தார். பெட்டியில் பழுப்புக் கட்டை ஒன்றுகூட இல்லை. அதனால் தென்னைகளுக்குக் கறுப்புத் தண்டு.

“கறுப்புத் தென்னை எங்க இருக்குது கண்ணு?”

“உங்க ஊட்டுல மட்டுந்தான். அத்தா, படகு மட்டும் வெச்சிராதீங்க. கொள்ளைக்காரன் போயிருவான்.”

தீவில் ஒரே ஒரு கொள்ளைக்காரன்தான். குகை வாசலில் நின்றான்.

செவ்வாய்க்கிழமை கடையை மூடிவிட்டு மேலே வந்தபோது, தீவின் கரையில் ஒரு பழுப்புக் கட்டை கிடந்தது. எடுத்துக் காலி மிளகு பாட்டிலில் போட்டார். மறுநாள் இரண்டு கிடந்தன. அதற்கு மறுநாள் நான்கு. அறைச் சாவி அவரிடம்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சப்ரீன் கூப்பிட்டாள்.

“இந்த லீவுக்கு வரலீங்க அத்தா. அம்மா டியூசன்ல சேத்திருச்சு.”

“பரவால்ல கண்ணு. தீவு எங்க போவுது, இங்கயேதான் இருக்கும்.”

அன்று கரையில் கிடந்த கட்டைகளை அவர் எடுக்கவில்லை. பாட்டிலில் இருந்தவற்றையும் அங்கேயே கொட்டினார்.

சனிக்கிழமை மாலை கதவைத் திறந்தார். கரையில் ஒரு பழுப்புப் படகு நின்றது. கொள்ளைக்காரன் அதில் ஏறியிருந்தான். ஆனால் போகவில்லை. ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.