சாக மாட்டேன் என்ற டிரெக்

"ரெண்டாவது சீன்லயே சாக வேண்டிய ஆளு. இன்னும் சாகாம நம்ம உசிரை வாங்கறாரு!" என்று பல்லைக் கடித்தான் உதவி இயக்குநர் ஜோமார்.

அவன் சொன்னது டிரெக் செல்மோவை.

எங்கள் மணிலா சினிமாவில் இயக்குநர் எல்லாருக்கும் 'டிரெக்' என்றுதான் பேர். இந்தப் படத்தின் டிரெக், தெர்யோ. நடிக்க வந்திருந்த செல்மோவும் ஒரு காலத்து டிரெக்தான். அதனால் "டிரெக்!" என்று கூப்பிட்டால் ரெண்டு நரைத்த தலையும் திரும்பும்.

நான் உடுப்புக்காரி. அந்த ரெண்டு தலையும் கறுப்பாக இருந்த நாளிலிருந்து இவர்களுக்குச் சட்டை மாட்டிவிடுகிறவள்.

அப்போதெல்லாம் தெர்யோ படமெடுத்தால் செல்மோ வந்து ஒரு சீனில் செத்துக் கொடுப்பார். செல்மோ படமெடுத்தால் தெர்யோ சாவார். கத்திக்குத்து, காலரா, பாலத்திலிருந்து விழுவது, எல்லாம் உண்டு. சம்பளம் கிடையாது. ஒரு தட்டு பான்சித் நூடுல்ஸ், சிரித்துப் பேச ஒரு மத்தியானம். அவ்வளவுதான்.

"போன படத்துல உன்னை நிம்மதியா சாக விட்டேன். இந்தத் தடவை முதலைக்குப் போடறேன் பாருடா!"

"போடு. முதலைக்கு வயித்து வலி வந்தா நான் பொறுப்பில்ல!"

செத்ததும் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்தவன் படத்தில் மூச்சு விட மாட்டார்கள். என்ன நாளெல்லாம் அது!

இந்தத் தடவைதான் செல்மோ போகவில்லை. கதையில் அவருக்கு மாரடைப்பு என்று எழுதியிருந்தது. அவர் நச்சரிப்பில் அது காய்ச்சலாக மாறி, காய்ச்சலும் குணமாகி, கடைசி சீன் வரை மனுஷன் பிழைத்துக் கிடந்தார்.

சும்மா கிடந்தாலும் பரவாயில்லை.

"தெர்யோ, அந்தப் பொண்ணு மூஞ்சியில மைக் நிழல் விழுது. கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?"

"சரிடா, மாத்தறேன்."

"அவ அழறான்னு நெனச்சியா? உதட்டோரமா சிரிக்கறாடா!"

"சரி, இன்னொரு டேக்."

வாயோடு விட மாட்டார். தெர்யோவின் கையைப் பிடித்து, தரையில் கிடக்கிற வயர்களைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய், மானிட்டர் முன்னால் பொத்தென்று உட்கார வைப்பார். பார்க்கிற எங்களுக்கு வயிறு எரியும். தெர்யோ மட்டும், அந்தக் காலத்து ஸ்டைலில் இன்னும் கழற்றாத கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து சிரிப்பார்.

பணம் போட்ட மேடம் பூரிதா சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இவரால முடியலேன்னா சொல்லுங்க. எங்கக்கா மகன் ரெடியா இருக்கான். நாளைக்கே வந்து படத்தை முடிச்சுடுவான்."

தெர்யோவுக்கு ரொம்ப வருஷம் கழித்துக் கிடைத்த படம். எனக்குப் பொறுக்கவில்லை. செல்மோவிடமே கேட்டுவிட்டேன்.

"டிரெக், இந்தப் படமும் கைவிட்டுப் போனா அவரு தாங்க மாட்டாரு. சட்டுபுட்டுனு செத்துக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்களேன்!"

"போறேன் லோலெங். எல்லாம் முடியட்டும். கடைசி ஆளா சாகறேன்."

என்ன பேராசை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் ஒருவழியாகச் செத்தார். வெள்ளைச் சட்டை போட்டுச் சவப்பெட்டியில் படுக்க வைத்தோம். கண்ணை மூடிக்கொண்டார். ஜோமார் அவர் விரல்களைக் கோத்து ஜெபமாலையை வைத்தான்.

தெர்யோ பெட்டி மேல் குனிந்து பார்த்தார். காலரைத் தடவிச் சரி பண்ணினார்.

"இப்பத்தான்டா அழகா இருக்கே. எல்லாம் சரி. ஆக்‌ஷன்!"

விதவை அழுதாள். ஊரே அழுதது. "கட்!" என்றார் தெர்யோ. படம் முழுக்க யாரும் குறுக்கே பேசாமல் முடிந்த ஒரே ஷாட். எல்லாரும் கை தட்டினோம்.

மானிட்டரைப் பார்த்த மேடம் பூரிதா அலறினாள்.

"ஐயோ, ஜெபமாலையை அறுக்கவே இல்லையே!"

கை தட்டல் நின்றுபோனது. செத்தவர் கையில் ஜெபமாலையை அறுத்துவிட்டுத்தான் வைப்போம். முழுசாக வைத்தால் அதே வீட்டில் அடுத்த சாவு விழும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இப்படியே படம் வந்தால் தியேட்டரே காறித் துப்பும்.

"டிரெக், நீங்க குனிஞ்சு பார்த்தீங்களே! கண்ணுக்கு முன்னாடிதானே இருந்துச்சு?" என்றாள் மேடம், தெர்யோவைப் பார்த்து.

தெர்யோ கறுப்புக் கண்ணாடியைத் தொட்டுச் சரி பண்ணிக்கொண்டார்.

பெட்டிக்குள்ளிருந்த பிணம் எழுந்து உட்கார்ந்தது. கையிலிருந்த மாலையைப் பார்த்தது.

"அவனை ஏன் கேக்கறீங்க? நான்தான் அறுந்ததை ஒளிச்சுட்டு முழுசை மாத்தி வச்சேன். இன்னொரு டேக் நடிக்கலாமேன்னு ஒரு ஆசை!" என்று இளித்தார் செல்மோ.

"சீ! வயசுக்கேத்த புத்தி வேணாம்? ஜோமார், மறுபடி எடுங்க!"

மேடம் விடுவிடுவென்று போய்விட்டாள். ஜோமார் முணுமுணுத்துக்கொண்டே கத்தரிக்கோல் தேடப் போனான்.

கசங்கிய சட்டையை நீவிவிட நான் மட்டும் பெட்டிப் பக்கத்தில் நின்றேன். தெர்யோ மெல்ல வந்தார். அவர் கை பெட்டியின் விளிம்பைத் தேடியது. தேடித் தேடி, என் தோளைப் பிடித்தது.

"செல்மோ, ஏன்டா எனக்குச் சொல்லல?" என்று கேட்டார், என் முகத்தைப் பார்த்து.

பதில் பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

"எப்படிடா சொல்வேன்? இந்த ஒரு ஷாட்டுலதான் என் கண்ணையும் மூட வச்சுட்டியே!"