கரையேற்றம்

சோழவரம் ஏரிக்கரைக்கு ஏறும் மண்சரிவில் பந்தயக் கார் நான்காவது முறையாக அணைந்துபோகிறது. காலையில் ஜெயித்த கார் இது. கோப்பையோடு முதலாளி வேறு காரில் போய்விட்டார்; இதைப் பட்டறைக்குக் கொண்டுபோக மெக்கானிக் ராஜவேலு மட்டும் மிச்சம். கூட்டம் கலைந்த ஓடுதளத்தில் காகிதங்கள் உருள்கின்றன. சாயங்கால வெயில் ஏரித் தண்ணீரில் பட்டு அவன் கண்ணைக் கூசவைக்கிறது. கரைமேல் புல்லுக்கட்டோடு வரும் எல்லம்மா நின்று பார்க்கிறாள். “இன்னா தம்பி, காலைல காத்தா பறந்துச்சே இது?” “அது ஸ்பீடுலக்கா. இஞ்சின் அலறிக்கினு சுத்தினாத்தான் குதிர பவரெல்லாம் வரும். மெதுவா ஏறச் சொன்னா இழுவையே கெடையாது. ரேசுக்குன்னு நான்தான் அப்பிடி மாத்தி வெச்சேன். கொஞ்சம் தள்ளிவுடு, உன்ன ஊட்டாண்ட எறக்கிவுடறேன்.” அவள் கட்டைக் கரைமேலேயே போட்டுவிட்டு இறங்கி வந்து பின்னால் தோள் கொடுக்கிறாள். சக்கரம் அவள் முகத்தில் புழுதியை வாரி இறைக்கிறது. இஞ்சின் இருமுகிறது, திக்குகிறது, சட்டென்று அலறுகிறது. கார் கரை ஏறிவிடுகிறது. ராஜவேலுவின் கால் ஆக்சிலேட்டரை விட்டு எழவில்லை. நிறுத்தினால், நின்ற இடத்திலிருந்து மறுபடி இழுக்க இதற்குத் தெம்பில்லை. கிளட்ச் ஏற்கெனவே தீய்ந்து நாறுகிறது. “அக்கா!” என்று அவன் கத்துவது அவனுக்கே கேட்கவில்லை. கண்ணாடியில் எல்லம்மா சிறுத்துக்கொண்டே போகிறாள். புல்லுக்கட்டைத் தலைக்கு ஏற்றிவிட இன்னொரு ஆள் வேண்டும். அதன் பக்கத்தில் நின்று, ஆளில்லாத கரையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறாள்.