மூச்சுக்குழாய் வைத்த ஜீப்

செம்பாக்கத்தில் அந்தத் தெருவுக்கே சத்யநாராயணனின் ஜீப்தான் பெருமை. எஞ்சினுக்குள் தண்ணீர் புகாமல் காற்று இழுக்கக் கூரை உயரத்துக்கு மூச்சுக்குழாய், ஒயருக்கெல்லாம் ரப்பர் உறை, யானைக்கால் டயர்.

"இடுப்பளவு தண்ணியிலயும் கப்பல் மாதிரி போகும். ஏரி உடைஞ்சாலும் பயப்படாதீங்க, நான் இருக்கேன்!" என்று குடியிருப்போர் சங்கத்தில் மைக் பிடித்தார். பொன்னாடை போர்த்தினார்கள்.

அதை நம்பித்தான், மழை எச்சரிக்கை வந்தும் எதிர்வீட்டு ஹில்டா டீச்சர் இதய நோயாளியான கணவரோடு தங்கை வீட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டார்.

விடிந்தபோது தெருவில் இடுப்பளவு தண்ணீர். கணவருக்கு மூச்சு இழுத்தது. ஹில்டா பால்கனிக்கு ஓடி சத்யநாராயணன் வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

"சார், அவருக்கு ரொம்ப முடியல! ஷட்டரைத் திறந்து ஜீப்பை எடுங்க!"

மாடியில் நின்ற சத்யநாராயணன் மூடிய ஷட்டரைக் குனிந்து பார்த்தார்.

"அம்மா, அப்பா கண்ணைத் திறக்க மாட்டேங்கிறாரு!" உள்ளேயிருந்து மகள் ஜெரூஷா அலறினாள்.

"சார், சாவி எங்க சார்?"

"சாவி என்கிட்டதான் இருக்கு டீச்சர். வண்டிதான்... மேம்பாலத்துல நிக்குது. மழைன்னதும் எல்லாரும் காரைக் கொண்டுபோய் அங்க விட்டாங்களா, நான்தான் முதல் ஆளா போய் இடம் பிடிச்சேன். ஆசை ஆசையா செஞ்ச வண்டி, தண்ணி பட்டா பாழாயிடாதா?"